பீரங்கியைப் பின்பக்கமிருந்து பாருங்கள்

கப்பல்துறைப் பக்கமிருந்து கண்டி வீதியால் திருகோணமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கோணேசர் கோயில்தான் குறி. கோயிலுக்கான பாதை ஃபிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது. வாசல் தூணில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டையும் மீன் சின்னத்தையும் விவரம் தெரிந்தவர்கள் நின்று பார்க்கிறார்கள். புள்ளிமான்களுக்குப் பிள்ளைகள் பழம் நீட்டுகிறார்கள். பழைய பீரங்கிகள் மட்டும் படமெடுக்கப் பிள்ளைகளை ஏற்றி உட்கார வைக்கும் இடமாகவே இருக்கின்றன. அதில் எனக்கு மனவருத்தம் உண்டு. இந்தத் துறைமுகத்துக்காக யார் யார் அடித்துக்கொண்டார்கள் என்பதற்கான சாட்சியங்களில் சில அந்த இரும்பின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன. வாசிக்கக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும்.

முதலில் வாய்ப்பக்கத்தை விட்டு விலகுங்கள். எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள், குழலுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். பீரங்கி தன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் பின்பாதியில் இருக்கிறது. காலையில் வெயில் சாய்வாக விழும்போது போவது நல்லது. நடுப்பகலில் எழுத்துகள் மறைந்துவிடும். நேரம் பிந்திவிட்டால் கைபேசி வெளிச்சத்தை இரும்போடு ஒட்டினாற்போல் கிடையாகப் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தபோது வெறும் கரும்பூச்சாகத் தெரிந்த இடத்தில் ஓர் அரச முடியின் விளிம்பு நிழலாக எழும்பி வரும். முடிக்குக் கீழே ஜி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் பின்னிக்கொண்டு, நடுவில் 2 அல்லது 3 என்ற இலக்கத்தோடு இருந்தால் அது இரண்டாம் அல்லது மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து ஆங்கிலேயப் பீரங்கி. முடியோடு ரோசாப்பூ இருந்தால் இன்னும் பழையது. மூன்று கோடுகள் கூடும் அம்புக்குறி அரச உடைமை என்பதன் அடையாளம். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பீரங்கியை அரசு கழித்து விற்றுவிட்டது என்று பொருள்.

அடுத்து, பின்பக்கத்தில் வெட்டியிருக்கும் மூன்று எண்களைத் தேடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 49 - 2 - 14 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்க்கிறவர்கள் திகதி என்றோ தொடரிலக்கம் என்றோ நினைப்பார்கள். அது நிறை. முதல் எண் அந்தர், இரண்டாவது கால் அந்தர், மூன்றாவது றாத்தல். நெல்லும் வெங்காயமும் அந்தர்க் கணக்கில் நிறுத்து வளர்ந்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஓர் அந்தர் 112 றாத்தல், கால் அந்தர் 28. அப்படியானால் 49 அந்தர் 5,488 றாத்தல், இரண்டு கால் 56, மிச்சம் 14. மொத்தம் 5,558 றாத்தல், இன்றைய கணக்கில் இரண்டரைத் தொன்னுக்குச் சற்று மேல். நீங்கள் சரியாக வாசித்தீர்களா என்று சரிபார்க்கவும் வழி உண்டு. நடு எண் 3ஐத் தாண்டாது, கடைசி எண் 27ஐத் தாண்டாது. தாண்டினால் துரு உங்களை ஏமாற்றியிருக்கிறது, அல்லது நீங்கள் பார்ப்பது வேறு இலக்கம்.

ஒல்லாந்தர் நிறையை றாத்தலில் ஒரே எண்ணாக எழுதுவது வழக்கம். அவர்களுடைய றாத்தல் 494 கிராம், ஆங்கிலேயருடையது 454. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் குறி பெரிய வி எழுத்து, அதன் இரு கைகளிலும் ஓவும் சீயும். அதற்கு மேல் சிறிதாக ஓர் எழுத்து இருந்தால் அது கம்பனியின் எந்த நகரக் கிளைக்கு உரியது என்பதைச் சொல்லும். ஏ என்றால் ஆம்ஸ்டர்டாம், டி என்றால் டெல்ஃப்ட், எச் என்றால் ஹோர்ன். ஆனால் ஒல்லாந்தரின் இரும்புப் பீரங்கி என்பதற்காக ஒல்லாந்திலே வார்த்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரும்புப் பீரங்கிகளில் பெரும்பகுதியை அவர்கள் சுவீடனில் வாங்கினார்கள். குழலின் இரு பக்கமும் காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் உருளை முளைகள்தான் பீரங்கியை வண்டியில் தாங்குபவை. அவற்றின் வட்ட முகத்தில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அது சுவீடனின் ஃபின்ஸ்போங் வார்ப்படசாலை. ஆங்கிலேயப் பீரங்கியில் அதே இடத்தில் கரோன் என்ற ஸ்கொட்லாந்து ஆலையின் பெயரும் ஆண்டும் அகப்படலாம். குனிந்து பார்க்க வேண்டிய இடம் என்பதால் பலர் தவறவிடுகிறார்கள்.

எழுத்தே இல்லாவிட்டாலும் உருவம் பேசும். பின்புறக் குமிழுக்கு மேல் வளையம் ஒன்று வார்த்திருந்தால் அது தோமஸ் புளூம்ஃபீல்ட் வகுத்த வடிவம். 1780இல் பிரித்தானியப் பீரங்கிகளின் பரிசோதகராக வந்தவர் அவர். வெடிக்கும்போது பின்னுக்குப் பாயும் பீரங்கியைப் பிடித்து நிறுத்தும் வடக்கயிறு அந்த வளையத்துக்குள்ளால் போகும். வளையமுள்ள பீரங்கியை 1639இல் ஒல்லாந்தர் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

குழல்வாயின் விட்டத்தை ஒரு தையல் நாடாவால் அளந்து பாருங்கள். ஆங்கிலேயப் பீரங்கியானால் 9.3 சென்ரிமீற்றர் ஆறு றாத்தல் குண்டு, 11.7 பன்னிரண்டு, 14.8 இருபத்துநான்கு. துருவும் பூச்சும் சில மில்லிமீற்றர் கூட்டிக் குறைக்கும்.

இனி மேல்முதுகில் இருக்கும் மருந்துத் துளை. இவ்வளவு பெரிய ஆயுதத்தின் உயிர்நாடி விரல்கூட நுழையாத ஒரு துளை. சுடச்சுட வெப்பத்தில் அது அரித்து அகலும். அகன்றால் வெடியின் வேகம் மேலால் கசியும். அப்போது அந்த இடத்தைக் குடைந்து செப்புத் துண்டு ஒன்றை மரையிட்டு இறுக்கி, அதில் புதுத் துளை போடுவார்கள். இரும்புக்கு நடுவே செம்பு வட்டம் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது 200 ஆண்டுக்கு முந்திய ஒரு திருத்த வேலை. துளைக்குள் ஆணி இறுகியிருந்தால் அது வேறு கதை. கோட்டையை விட்டு ஓடுகிறவர்கள், எதிரி திருப்பிச் சுடாதபடி ஆணியை அறைந்துவிட்டுப் போவார்கள். முளையை உடைப்பதும் அதற்குத்தான். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள், ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். பிறகு ஒல்லாந்தருக்கு மீண்டு, 1795இல் மறுபடி ஆங்கிலேயரிடம் போனது. இப்படிக் கைமாறிய ஊரில் ஒருவர் கொண்டுவந்த பீரங்கி இன்னொருவர் கையில் சுடுவது சாதாரணம். அதனால் பீரங்கியின் குறியை வைத்துக் கோட்டையின் காலத்தைக் கணிக்கக் கூடாது.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் தஞ்சாவூர்ப் பீரங்கிமேட்டில் ஏறி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நாயக்கர் காலத்து அந்தப் பெரும் பீரங்கி வார்த்ததல்ல. நீள இரும்புப் பட்டைகளை உருளையாக அடுக்கி, மேலே வளையங்களைக் காய்ச்சி ஏற்றி, அடித்து ஒட்டியது. வளையத்துக்கு வளையம் கோடு தெரியும். திருகோணமலை வார்ப்பிரும்பில் அந்தக் கோடு இராது. மேடாகத் தெரியும் பட்டிகள் வார்ப்போடு வந்தவை.

கோட்டையிலும், துறைமுக வாயிலைக் காவல் காக்கும் ஓஸ்டன்பேர்க் மேட்டிலும் நிற்கும் இருபதாம் நூற்றாண்டுக் கடலோரப் பீரங்கிகளை மட்டும் வாய்ப்பக்கமிருந்தே பாருங்கள். குழலுக்குள் சுருள்வரிகள் ஓடும். குண்டைச் சுழற்றி நேராகப் போகச் செய்வது அவைதான். 6 அங்குலப் பீரங்கி 100 றாத்தல் குண்டைக் கடலுக்குள் பல மைல் எறியும். கப்பலைச் சுடச் செய்தவை அவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் வந்ததோ வானத்தால். ஓஸ்டன்பேர்க் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். கோட்டைக்குள்ளும் இராணுவம் இருக்கிறது. படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பழைய இரும்பைக் காப்பாற்றுவதில் ஆர்வக்கோளாறுதான் பெரிய எதிரி. கம்பித் தூரிகையால் உரசினாலோ மணல் பீய்ச்சினாலோ துருவோடு குறிகளும் போய்விடும். தடித்த பூச்சை அடுக்கடுக்காக ஏற்றினால் எழுத்து மூழ்கும், உள்ளே ஈரம் தங்கும். நல்ல பராமரிப்பை நீங்களே கண்டுபிடிக்கலாம். பீரங்கி மண்ணில் கிடக்காமல் தாங்கிகளில் இருக்கும். மழைநீர் வடியும்படி வாய் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்கும், துளை மூடியிருக்கும்.

கடலிலிருந்து எடுத்த வார்ப்பிரும்புக்கு இதுவும் போதாது. உப்பு உள்ளே ஊறி, இரும்பு கரைந்துபோய், பென்சில் கரிபோன்ற மெதுவான பகுதி மட்டும் மிஞ்சியிருக்கும். உருவம் அப்படியே இருக்கும், கத்தியால் சீவலாம். வெயிலில் காய்ந்தால் வெடித்துச் செதில் செதிலாக உதிரும். காரக் கரைசலில் இட்டு மின்சாரம் பாய்ச்சி உப்பை வெளியேற்ற மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் ஆகும். 1659இல் காலித் துறையில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் கப்பலின் பொருட்களைப் பேணிக்கொண்டிருந்த கூடத்தை 2004 சுனாமி அழித்தது. அந்த இழப்பை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

வலையில் பழைய உருண்டைக் குண்டோ பீரங்கித் துண்டோ ஏறினால் சுரண்டாமல், காயவிடாமல், கடல்நீர் நிரப்பிய தொட்டியில் மூழ்க வைத்துவிட்டுத் தொல்லியல் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். நீண்டு கூம்பிய குண்டு என்றால் தொடவே வேண்டாம். அதற்குள் இன்னும் மருந்து இருக்கலாம். விலகி நின்று கடற்படைக்கு அறிவியுங்கள்.