மேடை காணாத மேதை

குர்துபா நகரத்து இப்னு ருஷ்து (1126–1198) அரிஸ்டாட்டிலின் ‘கவிதையியல்’ நூலுக்கு உரை வகுத்தபோது, துன்பியல் நாடகத்தைப் புகழ்ப்பா என்றும் இன்பியல் நாடகத்தை வசைப்பா என்றும் கொண்டார். இப்பெயர்ப்பு அவர் தொடங்கியதன்று. பத்தாம் நூற்றாண்டிலேயே அபூ பிஷ்ரு மத்தா சுரியானி மொழியிலிருந்து அரபியில் தந்தது. கிரேக்கம் அறியாத உரையாசிரியரின் முன் இருந்தது ஏடு மட்டுமே, அரங்கு இல்லை.

இதனினும் வியப்புக்குரியது வேறொன்று. மேடைக்காட்சியைக் குறித்த கிரேக்கச் சொல் அரபியில் ‘நழர்’ என்றாயிற்று. பார்வை, ஆராய்ச்சி என அச்சொல்லுக்கு இருபொருள் உண்டு. தத்துவ அறிஞர் இரண்டாவதையே பற்றிக்கொண்டார். கொள்கையின் செம்மையை நிலைநாட்டுவதே ‘நழர்’ என விளக்கினார். கண்ணுக்குரிய கூத்து கருத்துக்குரிய வாதமாகிவிட்டது!

அர்ஜென்டீனா எழுத்தாளர் போர்ஹெஸ் 1947இல் வெளியிட்ட சிறுகதை இதனைத் தோல்வியாகவே காண்கிறது. (சிறுவர்கள் பாங்கு சொல்பவராக நடித்து விளையாடுவதைப் பார்த்தும், அறிஞர் பொருட்படுத்தாது நூலுக்குத் திரும்புவது அக்கதையின் அழகிய இடம்.) ஆயினும் அத்தீர்ப்பு முழுமையன்று. இரக்கமும் அச்சமும் எங்ஙனம் எழும் என்பதற்கு இப்னு ருஷ்து காட்டிய சான்றுகளுள், மகனைப் பலியிடப் பணிக்கப்பட்ட இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாறும் உண்டு. நாடகத்தின் உயிர் அவருக்குப் புலப்பட்டது. நடிகனின் உடலும் குரலுமே புலப்படவில்லை. 1256இல் தொலேதோ நகரில் இலத்தீனாக்கப்பட்ட இவ்வுரையின் வழியேதான் மேற்கு ஐரோப்பாவும் நெடுங்காலம் அந்நூலைக் கற்றது.