கல்லறைக்கும் கடவுச்சீட்டு

இறந்தவனுக்குக் கடவுச்சீட்டு எதற்கு? சிரிப்பூட்டுவதற்கென்றே எழுதப்பட்ட ஒரு நாவல் எழுப்பும் கேள்வி இது. ஸ்பைக் மில்லிகன் 1963-ஆம் ஆண்டு வெளியிட்ட 'பக்கூன்' என்பதே அந்நாவல். ஐரிஷ் தந்தைக்கு மகனாக 1918-இல் நம் நாட்டின் அகமத்நகரில் பிறந்த மில்லிகன், பிரித்தானிய வானொலியின் நகைச்சுவையில் பெயர் பெற்றவர். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஐக்கிய இராச்சியம் விலகிய பின்னர், அயர்லாந்தின் எல்லையைக் குறித்து எத்தனையோ அறிக்கைகள் வந்துவிட்டன. எனினும், ஓர் எல்லை மனிதரிடம் எதைப் பறிக்கிறது என்பதை அறிய விரும்புவோர், இந்தப் பழைய நாவலைத் திரும்ப எடுத்துப் படிப்பது நலம்.

கதை 1924-இல் நிகழ்கிறது. அயர்லாந்தைப் பிரிக்கும் எல்லைக்குழு வரைபடத்தில் இழுக்கும் கோடு, பக்கூன் என்னும் கற்பனைச் சிற்றூரின் நடுவே ஓடுகிறது. கோயில் ஒரு நாட்டில். அதன் கல்லறைத் தோட்டம் மறுநாட்டில். மதுக்கடையின் ஒரு மூலை மட்டும் வடக்கே சேர்ந்துவிட, அங்கே விலை மலிவென்று ஊரே அம்மூலையில் நெருக்கியடித்து நிற்கிறது. பங்குத்தந்தை ரடன், இறந்தவரை அடக்கம் செய்யச் சுங்கச் சாவடியைத் தாண்டியாக வேண்டும். சாவடி அலுவலரோ, பிணத்திற்கும் பயணப் பத்திரம் கேட்கிறார். அதற்கென நிழற்படமும் எடுக்கப்படுகிறது!

இது வெறும் கேலிக்கூத்தா? வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், மில்லிகன் மிகைப்படுத்தியது சிறிதளவே என்று தோன்றும். 1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டது. 1923 ஏப்ரல் முதல் நாள் அந்தக் கோட்டில் சுங்கச் சோதனை தொடங்கியது. உண்மையான எல்லைக்குழு மக்களின் சாட்சியங்களைக் கேட்டது. ஆனால் 1925-இல் அதன் அறிக்கை ஒதுக்கி வைக்கப்பட்டு, 1969-இல்தான் நூலாக வெளிவந்தது. பழைய மாவட்ட எல்லைகளே நாட்டெல்லையாக நிலைத்து, வயல்களையும் பண்ணைகளையும் ஊடறுத்துச் சென்றன. திருச்சபையோ தன் மறைமாவட்டங்களை அக்கோட்டிற்கேற்ப வெட்டிக்கொள்ளவில்லை. குளோகர் மறைமாவட்டத்தின் பேராலயம் தெற்கே மொனகனில் இருக்கிறது. அதன் பங்குகள் பல வடக்கே பெர்மனாவில் இருக்கின்றன. அர்மாக், டெரி மறைமாவட்டங்களும் அவ்வாறே இருபுறமும் பரந்தவை. ஆகவே, கோயிலையும் கல்லறையையும் பிரிக்கும் கோடு என்பது, அம்மக்களின் அன்றாட வாழ்வைத் தொட்டெடுத்த கற்பனையாகும்.

மில்லிகனின் பார்வை எங்கே கூர்மையாகிறது? எல்லையைப் பேசுவோர் பெரும்பாலும் சரக்கையும் வரியையும் எண்ணுவர். அவரோ, குடிக்கச் செல்பவன், அடக்கத்திற்குச் செல்பவன் என எளிய போக்குவரத்துகளையே காட்டுகிறார். நேற்றுவரை யாரும் கேளாத ஒரு கேள்வியை இன்று ஒருவன் கேட்கிறான்: நீ யார், எங்கே போகிறாய், கையில் என்ன? பதில் சொல்லும் கணத்திலேயே, தன் சொந்த ஊரில் மனிதன் அந்நியனாகிவிடுகிறான்.

ஆயினும் இந்நாவலுக்கு ஒரு குறை உண்டு. அதன் நாயகன் தன்னைப் படைத்த ஆசிரியரோடு வாதாடுகிறான். தனக்குக் கொடுக்கப்பட்ட கால்கள் சரியில்லை என்று முறையிடுகிறான். ஆசிரியரும் பதில் சொல்கிறார். முடிவில் அவனை மரத்தின் மேலேயே விட்டுவிட்டுப் போகிறார். நாம் சிரிக்கிறோம். ஆனால் உண்மையான எல்லை மக்களுக்கு, கோடு வரைந்தவரோடு வாதாடும் வாய்ப்பேது? அந்தக் கோட்டின் பெயரால் இரத்தமும் சிந்தியது. 1972 ஆகஸ்டில் நியூரியின் சுங்க அலுவலகத்தில் வெடித்த குண்டு, குண்டு கொண்டுவந்தவர்களையும் சேர்த்து, ஒன்பது பேரைப் பலிகொண்டது. அவர்களுள் நால்வர் சுங்கப் பணியாளர். கிராமச் சாலைகள் பலவற்றை இராணுவம் அடைத்தது. இந்த அச்சத்திற்கு 'பக்கூனின்' சிரிப்பில் இடமில்லை.

அக்குறையை நிரப்புவது ஷேமஸ் ஹீனி 1987-இல் வெளியிட்ட 'ஹா லான்டர்ன்' தொகுப்பில் உள்ள ஒரு கவிதை. சோதனைச் சாவடியில் ஒரு வாகனம் நிற்கிறது, துப்பாக்கிகள் நோக்குகின்றன, பிறகு விடுகிறார்கள். நடந்தது அவ்வளவே. ஆனால் விடுபட்டவனின் உள்ளம் விடுபடவில்லை. எழுத அமரும்போதும் அவன் முன் அதே சாவடி நிற்கிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில், டெரி மாவட்டத்தில் வளர்ந்த ஹீனிக்கு, சோதனை என்பது உள்ளத்துக்குள் புகுந்து தங்கிவிடும் ஒன்று. மில்லிகன் வெளியே கண்டதை, இவர் உள்ளே கண்டார்.

1993-இல் ஐரோப்பியத் தனிச்சந்தை சுங்கச் சாவடிகளை அகற்றியது. 1998-இன் பெரிய வெள்ளி உடன்படிக்கைக்குப் பின் இராணுவக் காவல்களும் மறைந்தன. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லையில், மைலைக் கிலோமீட்டராக மாற்றும் பலகையொன்றே நாடு மாறியதைச் சொல்லும் நிலை வந்தது. 2016 ஜூன் 23-இல் ஐக்கிய இராச்சியம் விலக வாக்களித்தபோது, வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் நீடிக்கவே விரும்பினர். அவ்விவாதத்தில் எல்லைப்புறத்தின் குரல் எத்துணை மெல்லியதாகக் கேட்டது!

நிலத்தில் மீண்டும் சாவடி எழக்கூடாதென்பதில் பலரும் உறுதியாக நின்றனர், அது நன்று. ஆனால் சோதனை மறையவில்லை, கடலுக்கு நகர்ந்தது. 2021 முதல், பிரித்தானியாவிலிருந்து லார்ன், பெல்பாஸ்ட் துறைமுகங்களுக்கு வரும் பொருட்கள் சோதிக்கப்பட்டன. விதை உருளைக்கிழங்கும், மண்ணோடு வரும் செடிகளும் தடைபட்டன. தங்களைப் பிரித்தானியர் என்றே எண்ணும் புராட்டஸ்டாண்டு சகோதரர் பலருக்கு, தங்கள் வீட்டின் நடுவே ஒருவர் கோடு கிழித்ததாகவே தோன்றியது. 2023-இன் வின்ட்சர் ஏற்பாடு அக்கடுமையைத் தணித்தது, முற்றிலும் நீக்கவில்லை.

இவ்விடத்தில்தான் 'பக்கூன்' நம்மைச் சோதிக்கிறது. அதன் சிரிப்பில் எளிதாகக் கலந்துகொள்ளும் நாம், செடியோடு துறைமுகத்தில் நிறுத்தப்பட்டவனின் மனக்குறையைக் கேட்டுச் சலித்துக்கொள்கிறோமா? அப்படியாயின் நாவலைப் பாதியே படித்திருக்கிறோம். கல்லறைக்குச் செல்லும் கூட்டத்திற்கு ஒரு நீதி, மண்ணோடு வரும் செடிக்கு மற்றொரு நீதி என்று அந்நூல் பிரிக்கவில்லை. கேட்கப்படாமல் வரையப்பட்ட எந்தக் கோடும் அதன் நகைப்புக்கு உரியதே. மில்லிகனோடு சிரித்துவிட்டு ஹீனியோடு அமைதி காக்கும் வாசகர், அடுத்த எல்லைச் செய்தியைப் படிக்கும்போது, அக்கோட்டின் இருபுறத்தையும் சற்று நேரம் நின்று பார்ப்பார்.