ஒரு விரலை எடுத்தால்

கிட்டார் தொட்டவர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே ஏ மைனர் கைவந்துவிடும். ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியில் முதல் ஃபிரெட். நடுவிரல் நான்காம் தந்தியிலும் மோதிரவிரல் மூன்றாம் தந்தியிலும், இரண்டுமே இரண்டாம் ஃபிரெட். மீட்டினால் கனத்த சோகம். இப்போது மோதிரவிரலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மீட்டுங்கள். சோகம் போய்விடவில்லை. ஆனால் அழுது ஓய்ந்து, முகம் கழுவிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவரின் அமைதி அதற்கு வந்துவிடுகிறது. அதுதான் ஏ மைனர் செவன்த்.

எனக்கு இந்த கார்ட் உடனே ஒலிக்கவில்லை. விரலை எடுப்பது எளிது. எடுத்த இடம் பேசவேண்டுமே. நடுவிரல் லேசாகச் சாய்ந்து, திறந்திருக்கவேண்டிய மூன்றாம் தந்தியை அடைத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தந்தி அடைபட்டால் கையில் மிஞ்சுவது பழைய ஏ மைனர்தான். நகத்தை ஒட்டிய நுனியால், விரலை நிமிர்த்தி அழுத்தக் கற்ற பிறகே அந்தத் தந்தியின் ஜி ஒலித்தது. அன்று அந்த ஒற்றைத் தந்தியை மட்டும் எத்தனை முறை சுண்டியிருப்பேன்!

ஏ மைனரில் அடியில் ஒரு ஏ, நடுவில் இன்னொரு ஏ. மோதிரவிரல் பிடித்திருந்தது அந்த இரண்டாவதைத்தான். விரல் விலகியதும் அங்கே ஜி வருகிறது. இப்போது கார்டில் இருப்பவை ஏ, சி, ஈ, ஜி. அடியிலுள்ள ஏயை மறைத்துவிட்டுக் கேளுங்கள்: மிஞ்சும் மூன்றும் சேர்ந்தால் சி மேஜர்! சோகத்தின் மடியிலேயே முழுசாக ஒரு மேஜர் கார்ட் உட்கார்ந்திருக்கிறது. பாஸ் வாசிப்பவர் அடியில் சியைப் பிடித்துவிட்டால், நம் விரல் அசையாமலேயே அது சி சிக்ஸ்த் ஆகி மலர்ந்துவிடும். நம் கர்நாடக இசையின் கிரக பேதத்தில் ஆதார ஸட்ஜம் இடம் மாறும்போது ராகத்தின் முகம் மாறுகிறதே, அதற்கு நெருங்கிய உறவு இது.

ஏயை ஸட்ஜமாக வைத்தால் இந்த நான்கும் ஸட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். சுத்த மத்யமத்தைச் சேர்த்தால் சுத்த தன்யாசி ராகம். இன்னொன்றும் சொல்லவேண்டும். இடது கையே வைக்காமல் கிட்டாரின் ஆறு தந்திகளையும் மீட்டினால் வருபவை ஈ, ஏ, டி, ஜி, பி, மேலே மறுபடி ஈ. ஈயை ஸட்ஜமாகக் கொண்டால் அவை சுத்த தன்யாசியின் ஐந்து ஸ்வரங்களேதான். ஈ மைனர் செவன்த் முழுவதும் அதற்குள் அடக்கம். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு இசைத்தட்டான 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் முதல் உருப்படி 'ஸோ வாட்'. அதில் பாஸ் கேட்கும் கேள்விக்கு பில் எவன்ஸின் பியானோ இரண்டு கார்டுகளில் பதில் சொல்லும். முதல் பதிலை அடியிலிருந்து எண்ணினால் ஈ, ஏ, டி, ஜி, பி. நம் கிட்டாரின் கீழ் ஐந்து தந்திகளும் அதே வரிசை. சுவரில் சாய்ந்திருக்கும் கிட்டாரில் துணி உரசினால்கூடக் கேட்பது அந்தக் குடும்பத்துக் குரல்தான்.

இந்த மைனர் செவன்த் கார்டின் முழு அழகு நகரும்போதுதான் தெரியும். அதற்கு பிரேசிலின் போஸா நோவா இசைக்குப் போகவேண்டும். ஜோபிமும் நியூட்டன் மென்டோன்ஸாவும் அமைத்த 'ஒற்றை ஸ்வர சம்பா'வை ஜோவாவ் ஜில்பெர்ட்டோ 1960இல் பாடி வெளியிட்டார். நைலான் தந்தி கிட்டாரில் கட்டைவிரல் பாஸைத் தட்ட, மற்ற மூன்று விரல்கள் மூன்று தந்திகளைச் சேர்த்து இழுக்கும். குரல் ஒரே ஸ்வரத்தில் நிற்க, கார்டுகள் ஒவ்வொரு ஃபிரெட்டாக அடியில் இறங்கும்.

நான் அதை ஜியில் வாசிக்கிறேன். ஏழாம் ஃபிரெட்டில் பி மைனர் செவன்த். நடுவிரல் ஆறாம் தந்தியில், மோதிரவிரல் படுத்தபடி நான்கு, மூன்று, இரண்டாம் தந்திகளில். பாடும் ஸ்வரம் டி, அந்த கார்டுக்குள்ளேயே இருக்கிறது. இடையில் பி ஃப்ளாட் செவன்த். அதைத் தாண்டினால் அதே கைவடிவம் ஐந்தாம் ஃபிரெட்டுக்கு இறங்கி ஏ மைனர் செவன்த் ஆகிறது. பாட்டில் இன்னும் அதே டி. ஆனால் கார்டில் இப்போது டி கிடையாது. குரல் துளியும் அசையாமலே, வீட்டுக்குள் இருந்த டி வாசற்படிக்கு வந்து நிற்கிறது.