வலிமை வேறு, பாதுகாப்பு வேறு

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபின், ஜப்பானியப் படையின் அரிசாகா ரைபிள்கள் ஏராளமாக அமெரிக்கா சென்றடைந்தன. அவற்றிற்குரிய தோட்டா அங்கு அரிது. எனவே பலர் குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறையைக் கடைந்து, உள்ளூரில் கிடைத்த தோட்டாவிற்கு ஏற்ப மாற்றினர். 'அரிசாகா உடையாது; எப்படி மாற்றினாலும் அஞ்ச வேண்டாம்' என்ற கூற்று அன்று முதல் வழங்கி வருகிறது. இது சரிதானா?

இக்கூற்றுக்கு இரண்டு சான்றுகள் காட்டப்படுகின்றன. துப்பாக்கிக் கம்மியர் பி. ஓ. ஏக்லி, பல நாட்டுப் படைத் துப்பாக்கிகளில் மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டிச் சுட்டுப் பார்த்தார். அவற்றுள் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியது 6.5 மில்லிமீட்டர் அரிசாகாவே. இரண்டாவது, ஒருவர் 6.5 ரைபிளின் அறையை மட்டும் அமெரிக்க '.30-06' தோட்டாவிற்குக் கடைந்துவிட்டு, குழலை மாற்றாமலே சுட்ட நிகழ்ச்சி. 7.8 மி.மீ. விட்டமுள்ள குண்டு, சுமார் 6.7 மி.மீ. குண்டுக்குரிய குழலில் நசுங்கி வெளியேறியது. துப்பாக்கி உடையவில்லை, சுட்டவரும் பிழைத்தார்.

ஏக்லியின் சோதனையில் குறையில்லை. அதிலிருந்து பெறப்படும் முடிவில்தான் குறை. தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டும் அதைத் தாங்கும் எஃகுக் கூடும் எவ்வளவு வலியவை என்பதையே அச்சோதனை அளந்தது. ஆனால் வெடிப்பு வாயுவைப் பின்னே வராமல் தடுப்பது மெல்லிய பித்தளை உறை. அறையைப் பிழையாகக் கடைந்து தோட்டா தளர்வாக அமர்ந்தால் உறை கிழியும். கொதிக்கும் வாயு சுடுபவரின் கண்ணை நோக்கி வரும். எஃகு எத்துணை வலியதாயினும் பித்தளையின் பலம் கூடாது. இரண்டாவது சான்றோ, தப்பிய ஒன்றின் கதை. ஒன்று தப்பியதால் எல்லாம் தப்பும் என்பது தருக்கமாகாது.

மாற்றங்களும் ஒரே தரத்தவை அல்ல. 6.5 ரைபிளின் அறையைச் சற்று நீட்டி, '.257 ராபர்ட்ஸ்' தோட்டா உறையின் கழுத்தை விரித்து, பழைய விட்டமுள்ள குண்டையே பொருத்தியது அறிவுடைய மாற்றம். குண்டும் குழலும் இசைந்தன. 1939-இல் ஏற்கப்பட்ட 99-ஆம் வகை 7.7 ரைபிளை '.30-06' ஆக்கியது அத்தகையதன்று. அதன் குழல் சுமார் 7.9 மி.மீ. குண்டுக்கு உரியது. 7.8 மி.மீ. குண்டு அதில் சரியாகப் பற்றாததால் குறி தவறும். 6.5 குழலில் '.30-06' தோட்டாவோ முற்றிலும் ஆபத்து.

மாற்றப்பட்டதை எவ்வாறு அறிவது? கூட்டின் மேலுள்ள ஜப்பானிய எழுத்துகளும் வாயுத் துளைகளும் (38-ஆம் வகையில் இரண்டு, 99-ஆம் வகையில் ஒன்று) மூல வகையைக் காட்டும். பேரரசின் 16 இதழ்ச் சாமந்தி முத்திரை பலவற்றில் அராவப்பட்டிருக்கும். ஆனால் இவை எவையும் அறையின் இன்றைய அளவைக் கூறா. கடைந்தவர் புதிய தோட்டாவின் பெயரைப் பொறிக்காமலும் விட்டிருக்கலாம். அறையை வார்ப்பெடுத்து அளப்பதே நம்பத்தக்க வழி. இதற்குப் பிஸ்மத் கலந்த உலோகக் கலவை ஒன்று உண்டு. கொதிநீரின் வெப்பத்திற்குக் குறைந்த சூட்டிலேயே அது உருகும். ஆறும்போது முதலில் சுருங்குவதால் அறையிலிருந்து எளிதில் கழன்று வரும்; பின்பு விரிந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் அறையின் அளவை அடையும். அப்போது மைக்ரோமீட்டரால் அளக்கலாம். குழலின் உள்விட்டத்தைத் தனியே அளப்பதும் இன்றியமையாதது.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. ஜப்பானியப் பள்ளி மாணவரின் பயிற்சிக்கென வார்ப்பிரும்பில் செய்த துப்பாக்கிகள் தோற்றத்தில் அரிசாகாவை ஒத்தவை. அவற்றின் குழலில் சுருள் வரிப் பள்ளங்கள் இரா. உண்மைத் தோட்டாவை அவை தாங்கா. 'அரிசாகா வலியது' என்ற பெயரை நம்பி இவற்றைச் சுடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

ஆகவே இத்தகைய ரைபிளை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களைத் தனித்தனியே கேட்க வேண்டும்: கூடு தாங்குமா? அறை தோட்டாவிற்குப் பொருந்துகிறதா? குண்டு குழலுக்கு இசைகிறதா? ஏக்லியின் சோதனை முதல் வினாவிற்கு மட்டுமே விடை தருகிறது. மற்ற இரண்டிற்கும் விடையை ஒவ்வொரு துப்பாக்கியையும் அளந்தே பெற வேண்டும்.