பெல்ட்டா, கம்பா?

விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய் ராத்திரி வீடு திரும்புகிறவர்கள் நிறைந்த ஊர் கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடியதிலிருந்து பல வீடுகளில் இதுதான் பிழைப்பு. அப்படி ஒரு வீட்டில் ஆறு வயசுப் பிள்ளையைக் கராத்தேவுக்கு அனுப்பலாமா என்று பேச்சு வந்தால், முதல் கேள்வி “மாசம் எவ்வளவு?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கிடைக்கும் பதிலில் முழுச் செலவும் இருக்காது.

மாதிரிக்கு ஒரு கணக்கு. மாதம் 500 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 6,000. நாலு மாசத்துக்கொரு பெல்ட் டெஸ்ட், தலா 800 என்றால் 2,400. டிரஸ் ஆயிரம். எங்கோ நடக்கும் ‘ஓப்பன்’ போட்டிக்கு நுழைவுக் கட்டணமும் பஸ் செலவுமாக இன்னொரு ஆயிரம். மொத்தம் 10,400. தொகை வகுப்புக்கு வகுப்பு மாறும். ஏறும் வழி மாறாது.

பெல்ட்டின் நிறத்தை நான் குறை சொல்லவில்லை. கராத்தே அதை ஜூடோவிடமிருந்து எடுத்துக்கொண்டது. மஞ்சளும் பச்சையும் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கு ஆசை வரும், அந்த ஆசை வகுப்புக்கு இழுத்து வரும். டெஸ்ட்டுக்கு வந்த எல்லோரும் பாஸ் ஆகும் இடத்தில்தான் பெல்ட் வெறும் ரசீது ஆகிறது.

சான்றிதழுக்காகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கராத்தே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது டோக்கியோவில் மட்டும். பாரிஸ் 2024இல் இல்லை. இந்தியாவில் எந்தச் சங்கம் அசல் என்பதிலேயே பல வருஷத் தகராறு. கம்பு சுற்றும் சிலம்பத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. தமிழ்நாட்டு அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்திருக்கிறது, சரி. ஆனால் நம் பிள்ளையின் இருப்பிடச் சான்று கர்நாடகத்தினுடையது. ஆறு வயசில் வேலைவாய்ப்பு பேசுவது எனக்கு வேடிக்கையாகவும் படுகிறது.

தற்காப்பு என்ற வாக்குறுதியையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த வயசுக் குழந்தை எந்தப் பெல்ட் கட்டினாலும் ஒரு பெரிய ஆளைச் சமாளிக்காது. சமாளிக்கும் என்று சொல்லும் மாஸ்டர் மற்றதிலும் மிகைப்படுத்துவார். பெற்றோர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கக்கூடாது என்று சொல்லும் இடத்தில், கட்டணமே இல்லாவிட்டாலும் சேர்க்க வேண்டாம்.

டேக்வாண்டோ ஒலிம்பிக் கலைதான். ஆனால் போட்டியில் தலைக்கு உதை விழும். தலைக்கவசம் மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது என அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அகாடமி 2016இல் எச்சரித்தது. சண்டைப் பயிற்சி பிறகு ஆகட்டும். ஜூடோவுக்கு மேட் வேண்டும். சிமெண்ட் தரையில் தூக்கிப் போடும் வகுப்பு விவாதத்துக்கே உரியதல்ல.

சிலம்பத்தில் சாமான் செலவு ஒரு கம்போடு முடிகிறது. தங்கவயலுக்குத் தமிழர்கள் வந்த வட ஆற்காடு, சேலம் பக்கத்துக் கலை; தாத்தாவுக்கும் இரண்டு வீச்சு தெரிந்திருக்கலாம். அதை விடப் பெரிய அனுகூலம், கம்பு சுற்றும் பிள்ளை வரிசையில் சும்மா நிற்க முடியாது. இரண்டு கையும் காலடியும் சேர்ந்தே ஓடும். நாற்பது பேருக்கு ஒரு மாஸ்டர் இருக்கும் கராத்தே வகுப்பில், ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை எத்தனை நிமிஷம் உண்மையில் அசைந்தது என்று கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். உண்மையான கட்டணம் அங்கேதான் தெரியும்.

ஆனால் சிலம்பம் என்பதாலேயே நல்லதாகிவிடாது. காலடி சொல்லித்தராமல் ஆண்டுவிழாவுக்கு நாலு சுற்று மட்டும் பழக்கும் இடமும் இருக்கும். ஆளுக்கு ஆள் இடைவெளி விடாமல் நிறுத்தினால் பக்கத்துப் பிள்ளையின் கண்ணுக்கே ஆபத்து. பெரியவர்களின் கனத்த மூங்கிலைக் கொடுத்தால் மணிக்கட்டு வலிக்கும். நெற்றி உயரத்துக்கு மெல்லிய பிரம்பு போதும். திறந்த மைதானம் என்றால் இந்த ஊரில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: காற்றுக் காலத்தில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளின் தூசி பறக்கும். மேட்டை ஒட்டிய மைதானத்தில் மூச்சு வாங்க ஓடவிடுவது, இலவசமானாலும் எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே என் தீர்ப்பு: ஆறிலிருந்து எட்டு வயசு வரை, காலடியில் தொடங்கும் வாத்தியாரும் தூசியில்லாத இடமும் கிடைத்தால் சிலம்பம். இரண்டில் ஒன்று இல்லையென்றால், இருபது பேருக்கு மிகாத கராத்தே வகுப்பு. அங்கும் பணம் கட்டுவதற்கு முன், “முதல் பெல்ட் டெஸ்ட்டை ஒரு வருஷம் தள்ளிப்போடலாமா?” என்று மாஸ்டரிடம் கேளுங்கள். முகம் சுளிப்பவரிடம் சேர்க்க வேண்டாம்.