உட்புறமே வெளிப்புறம்

கார் பானெட்டுக்கு ஃபைபர் அச்சு எடுப்பது வெறும் நகல் வேலை, மூலத்தில் இருப்பதுதானே அச்சில் வரும் என்பார்கள். அதன் அருமையே அங்குதான் இருக்கிறது. மூலத்தின் மேல் பூசும் மெழுகில் விட்டுப்போன விரல்தடம்கூட அச்சின் உட்புறத்தில் பதிந்து, அதில் எடுக்கும் ஒவ்வொரு பானெட்டின் வெளிப்புறத்திலும் தெரியும். அதனால் உழைப்பில் பெரும்பகுதி பிசினைத் தொடுமுன்பே தீர்ந்துவிடுகிறது: தேய்ப்பது, மெழுகிடுவது, துடைப்பது, மறுபடி மெழுகிடுவது. பிறகு ஜெல்கோட் என்னும் பிசின் மேற்பூச்சு. தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், விரலோடு வந்துவிடக் கூடாது. அந்தப் பதத்தில்தான் கண்ணாடியிழைப் பாயை விரித்துப் பிசினில் ஊறவைத்து, ரோலரால் காற்றுக்குமிழிகளை விரட்ட வேண்டும். இறுகவைக்கும் திரவம் பெரும்பாலும் பிசின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான். கூடிவிட்டால் சூடேறிச் சுருங்கி, அச்சு கோணிக்கொள்ளும். முழுத் தடிமனையும் ஒரே மூச்சில் ஏற்றும் அவசரக்காரருக்கும் அதே கதிதான்.

தகட்டை அழுத்தும் எஃகு அச்சு இதைவிட வேகமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குப் போடும் முதல், வண்டிகள் ஆயிரக்கணக்கில் விற்றால்தான் திரும்பும். அமெரிக்காவில் ஷெவர்லே கார்வெட் கார் 1953இல் ஃபைபர் உடலோடு வந்தபோது அந்த ஆண்டு உருவானவை 300 மட்டுமே. அத்தனை சிறிய எண்ணிக்கைக்கு எஃகு அச்சு செய்வது வீண்செலவு.