லென்ஸுக்கு முன்னே இன்னொரு கண்ணாடி

புதுக் கேமரா வாங்கினால் கடைக்காரர் கையோடு தள்ளிவிடும் பொருள் யூவி ஃபில்டர். ஃபிலிம் காலத்தில் அதற்கு வேலை இருந்தது. மலையிலும் கடலோரத்திலும் புற ஊதா ஒளி படத்தில் நீல மங்கலாகப் படியும். டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னாலேயே அதைத் தடுக்கும் அடுக்கு இருப்பதால், யூவி ஃபில்டர் இப்போது வெறும் காவல் கண்ணாடிதான். காவல் தேவைப்படும் இடமும் உண்டு. தனுஷ்கோடியில் காற்று மணலையும் உப்பையும் சேர்த்து வீசும். அங்கே கழற்ற மாட்டேன். மற்ற இடங்களில் லென்ஸ் ஹூட் போதும். எங்காவது இடித்தாலும் அடி ஹூட்டோடு போய்விடும்.

இரவில் அதே யூவி எதிரியாகிறது. திருவிழா சீரியல் விளக்குகளை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்துப் பார்த்தேன். ஃபில்டரோடு எடுத்த படத்தில், கறுத்த வானத்தில் விளக்குகளின் மங்கிய நகல் தலைகீழாக மிதக்கிறது. சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி, தட்டையான அந்தக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வருவதால் வரும் வினை இது. நல்ல பூச்சுள்ள ஃபில்டரில் நகல் மங்குகிறது, ஆனால் ஒழியவில்லை.

காசு போடத் தகுந்தது சிபிஎல் எனப்படும் போலரைசர். பிச்சாவரத்தில் உச்சிவெயிலில் அலையாத்தி இலைகள் பச்சையாகவே தெரியாது; வெள்ளையாகப் பளபளக்கும். வளையத்தை மெல்லத் திருப்பினால் பளபளப்பு வடிந்து இலையின் நிறம் வெளியே வருகிறது. இதைப் பிறகு கணினியில் செய்ய முடியாது. பளபளப்பு மூடிய இடத்தில் இலையின் நிறம் பதிவாகவே இல்லையே! தண்ணீர், கண்ணாடி, பெயின்ட் அடித்த கார் எல்லாவற்றிலும் சரியான கோணத்தில் நின்றால் பலன் தெரியும். பித்தளைக் குத்துவிளக்கில் தெரியாது, உலோகம் ஒளியைத் திருப்பும் விதம் வேறு.

வானத்தைக் கருநீலமாக்க, சூரியனுக்குப் பக்கவாட்டில், சுமார் 90 பாகையில் கேமராவைத் திருப்ப வேண்டும். 16 மிமீ போன்ற அகல லென்ஸில் இதைச் செய்தால் வானத்தின் நடுவில் மட்டும் திட்டாகக் கறுக்கும், பார்க்கச் சகிக்காது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதி) ஒளியும் போய்விடும் என்பதால் மாலை மங்கியதும் கழற்றிவிடுவது நல்லது. ஒகேனக்கல் சாரலில் வானவில் விழுந்தால் இன்னும் கவனம் தேவை. வளையத்தைத் தவறான பக்கம் திருப்பினால் வானவில்லே காணாமல் போகும்.

அருவிக்கு, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர். ஆறு ஸ்டாப் குறைக்கும் என்டி64, நொடியில் 60-ல் ஒரு பங்கு ஷட்டரை ஏறக்குறைய ஒரு நொடிக்குக் கொண்டுவருகிறது. விழும் நீர் இழையிழையாக நிற்கிறது. பத்து ஸ்டாப் என்டி1000 மாட்டினால் அது 16 நொடிக்கு மேல் போய், காவிரி பஞ்சுப்பொதி ஆகிவிடுகிறது. பலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. கட்டாயம் ட்ரைபாட் வேண்டும். ஃபோகஸை முதலில் சரிசெய்து, மேனுவலுக்கு மாற்றிய பிறகே ஃபில்டரைத் திருகுங்கள். மலிவான என்டியில் படம் முழுக்கச் செம்பழுப்பு ஏறுகிறது. ரா (RAW) கோப்பாக எடுத்தால் ஓரளவு சரிசெய்யலாம்.

வீடியோ எடுப்பவர்களுக்கு என்டி ஆடம்பரம் அல்ல. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50 இருக்க வேண்டும். நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 100-ல், எஃப்/2.8 திறப்போடு அதை வைத்தால் ஆறு ஸ்டாப் அதிக ஒளி நுழையும். அதே என்டி64 இங்கும் சரியாகப் பொருந்துகிறது. திருப்பித் திருப்பிக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டி கல்யாண வீடியோக்காரருக்கு வசதிதான், ஆனால் உச்ச அளவுக்குத் திருப்பினால் படத்தின் குறுக்கே இருண்ட சிலுவை விழும்.

வானத்தை மட்டும் இருட்டாக்கும் கிராஜுவேட்டட் ஃபில்டரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். இரண்டு வெளிச்ச அளவில் எடுத்து இணைத்தால் முடிந்தது. ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனி ஃபில்டரும் வேண்டாம்: பெரிய அளவில், 77 மிமீயில் ஒன்று வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் ரிங் போடுங்கள். ஹூட் மாட்ட முடியாது, அதுதான் இதில் நஷ்டம்.

2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல், கோவைப் பக்கம் தெரிந்தது போன்ற கங்கண கிரகணத்துக்கு என்டி1000 போதும் என்று நினைக்காதீர்கள். அது ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை விடுகிறது. சூரியனுக்கான ஃபில்டர் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் விடும். ஆப்டிகல் வியூஃபைண்டரில் என்டியோடு சூரியனைப் பார்த்தால் போவது கண்.